டீஃபால்ட்டில் கை வைக்காதே

கொள்கை இல்லாதவன் கணவனாக இருந்து தொலைக்கலாம். சாஃப்ட்வேர் எழுதக் கூடாது. என் கொள்கை ஒன்றே ஒன்று. டீஃபால்ட்டில் கை வைக்காதே. எவனுக்காவது வேறு மாதிரி வேண்டுமா? செட்டிங்ஸில் ஒரு பொத்தானைச் சேர். தீர்ந்தது வேலை.

டீஃபால்ட் என்றால், யாரும் எதையும் தொடாவிட்டாலும் தானாக நடப்பது. ஆபீசில் இந்தக் கொள்கையோடு காலம் முழுக்கக் குப்பை கொட்டினேன். ஓய்வு பெற்றதும் வீட்டுக்கு ஓர் ஆப் எழுதினேன். விளக்கு, விசிறி எல்லாம் போனுக்குள் அடக்கம். படுக்கையறை விசிறி மட்டும், போட்ட கொஞ்ச நேரத்தில் தானாக வேகம் குறையும். எனக்குக் குளிர் ஆகாது.

என் மனைவிக்குப் புழுக்கம் ஆகாது.

“ஏங்க, அந்த விசிறி தானா குறையறதை எடுத்துடுங்க. வெந்து போறேன்.”

“எடுக்க முடியாது. செட்டிங் சேர்க்கறேன்.”

சேர்த்தேன். ‘வேகம் குறையாதே.’ தினமும் படுக்கும் முன் தட்ட வேண்டும். மறந்தால் வியர்வை. அதற்காக ‘மறந்தால் நினைவூட்டு’ என்று ஒன்று. போன் அலறியது. ‘நினைவூட்டும்போது அலறாதே’ என்று இன்னொன்று. செட்டிங்ஸ் பக்கத்தின் அடியைத் தொடுவதற்குள் அவள் கட்டைவிரல் பாதி தேய்ந்துவிட்டது.

“இத்தனை பொத்தானுக்கு, அந்த டீஃபால்ட்டையே மாத்தினா என்ன?”

“பழகினவங்க தவிச்சுப் போவாங்க.”

“யாரு அந்தப் பழகினவங்க? வீட்டுல இருக்கிறது ரெண்டு பேர். ஒருத்தி வெந்துக்கிட்டு இருக்கேன்.”

“பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கும் போட்டுக் கொடுத்திருக்கேனே!”

“அவர் உங்க ஆப்பைப் பிடுங்கி ரொம்ப நாளாச்சு. கொஞ்சம்கூட வலிக்கலையாம்.”

“கொள்கை கொள்கைதான்,” என்றேன்.

“சரிங்க,” என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை. பேப்பரை விரித்தேன். காபி வரவில்லை. கனைத்தேன். கனைப்பதற்கு முன்பே வருவதுதான் வழக்கம்.

“காபி எங்கே?”

“அது செட்டிங்குக்குப் போயிடுச்சுங்க. வேணுமா?”

“இதென்ன கேள்வி? வேணும்!”

“சூடாவா, மிதமாவா?”

“சூடா!”

“சர்க்கரை?”

“எப்பவும் போல.”

“எப்பவும் போலங்கிற பொத்தான் இல்லீங்க. ஒரு கரண்டியா, ரெண்டா?”

“ரெண்டு!”

“கலக்கியா, கலக்காமலா? கோப்பையோட காது வலது பக்கமா, இடது பக்கமா?”

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தபோது காபி ஐஸாகியிருந்தது.

அடுத்த நாளும் ஆரம்பத்திலிருந்து. “நேத்தே சொன்னேனே!” என்று கத்தினேன்.

“தினமும் தட்டணுங்க. நான் தட்டலையா?”

“நீ டீஃபால்ட்டை மாத்திட்டே! பழகினவன் தவிக்கிறேன்!”

“அப்படிச் சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டு நாளாத் தவிப்பு. எனக்கு நீங்க ஆப் எழுதின நாள்லேர்ந்து. தினமும் வேண்டியது தானா நடக்கணும். என்னைக்கோ ஒரு நாள் வேண்டியதுக்குத்தான் பொத்தான். இதைச் சொல்ல ஆபீஸ் போகணுமா?”

மூன்றாம் நாள் காலை, அந்தக் காதுக் கேள்வி வருவதற்குள் கொள்கை உடைந்தது. டீஃபால்ட்டில் கை வைத்தேன். விசிறி இனி முழு வேகம்தான். அடுத்த நிமிஷம் காபி வந்தது. சூடாக. காது வலது பக்கம்.

“எனக்குக் குளிருமே,” என்றேன் கொஞ்சம் இறங்கிய குரலில். “எனக்கு ஒரு செட்டிங்காவது…”

“ஏற்கெனவே இருக்குங்க. அலமாரியில மேல் தட்டு. போர்வைன்னு பேரு.”

அன்று போர்த்திக்கொண்டு படுத்தேன். நன்றாகத்தான் தூக்கம் வந்தது, அவளிடம் சொல்லவில்லை. எழுந்ததும் விறைப்பாகக் கேட்டேன்.

“இதை யார் மடிச்சு வைக்கிறது?”

“டீஃபால்ட்டா நீங்கதான்.”