வேலியோர அறிவித்தல் பலகை

உலகில் சீவகாருண்யம் இன்னும் சாகவில்லை என்பதற்கு, கண்டியில் காட்டோரமாக ஓடும் எங்கள் குறுகிய ஒழுங்கையின் நலன்புரிச் சங்கமே சான்று. அதன் செயலாளர் என்ற வகையில் இதை நானே உறுதிப்படுத்துகிறேன்.

தலைவர் சோதிலிங்கம் ஓய்வுபெற்ற பிரதிப் பணிப்பாளர். அவருடைய பிரின்ஸ், கட்டிலில் படுக்கும் நாய். ‘கேற்றைத் தாண்டாத நாய்க்கு ஏன் தடுப்பூசி?’ என்பது அவரது கொள்கை. கேற்றுக் கம்பிகளுக்கிடையே ஒழுங்கை நாய்கள் எல்லாம் அதனோடு மூக்குரசிப் போகும். ஆவணியில் பிரின்ஸுக்குக் கண்ணில் பீளை, மூக்கில் சளி, பிறகு வலிப்பு. அது நக்கிவிட்டு விட்ட இறைச்சிச் சோற்றைத் தலைவரின் மனைவி பத்மாதேவி வீணாக்கவில்லை. வேலிக்கு அப்பால், காட்டு மரப்பொந்துகளில் வாழும் மரநாய்களுக்கு வைத்தார்.

“பாவம், உதுகளும் சீவன்தானே.”

நாங்கள் நெகிழ்ந்துபோனோம். அவரவர் வீட்டு நாயின் எச்சில் சோற்றையும் கொண்டுபோய் வைத்தோம். என் நாயும் அப்போது இருமிக்கொண்டிருந்தது.

பிரின்ஸ் செத்தது. மூன்று வாரத்தில் மரநாய்கள் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்து விழுந்தன. சங்கம் அவசரமாகக் கூடி, ரோல்ஸும் தேநீரும் முடித்து, மிருக வைத்தியர் றமீஸாவை உள்ளே அழைத்தது.

“காட்டு மிருகங்களாலை எங்கட நாயளுக்கு ஆபத்து, டொக்டர். உதுகளைப் பிடிச்சு அப்புறப்படுத்த வேணும்,” என்றார் தலைவர்.

“சேர், இந்தத் தொத்து வருத்தம் உங்க நாய்கிட்ட இருந்துதான் அதுகளுக்குப் போயிருக்கு. எச்சில் சோத்துல.”

“என்ர பிரின்ஸ் நல்ல சாதி.”

“கிருமி சாதி பார்க்காது சேர். அந்தப் பலாமரப் பொந்துல ஒரு தாயும் ரெண்டு குட்டியும் இன்னும் சுகமா இருக்கு. சோறு வைக்கிறத இன்னைக்கே நிறுத்துங்க. இங்க உள்ள பதினாலு நாய்க்கும் நாளைக்கே வந்து ஊசி போடுறேன். அந்த மூணும் தப்பிரும்.”

மிகச் சிறந்த யோசனை என்று ஏகமனதாகப் பாராட்டி, அதை ஆராய உபகுழு அமைத்தோம். உபகுழு கூடத் திகதி பொருந்தவே ஒரு மாதம் எடுத்தது. ஒருவருக்குக் கோயில் திருவிழா, ஒருவருக்கு மகளின் பள்ளிச் சோதனை. சோறு வைப்பதை மட்டும் ஒருநாளும் விடவில்லை. தருமத்தைத் தீர்மானம் இல்லாமல் நிறுத்துவது சங்கத்தின் யாப்பு விதிகளுக்கு முரண்.

உபகுழுவின் சாதனையாக வேலியில் மும்மொழிப் பலகை ஒன்று எழுந்தது: ‘கவனம்! நோய் பரப்பும் பிராணிகள் வசிக்கும் பகுதி.’ தலைவர் நாடா வெட்டினார்.

அன்று றமீஸாவும் வந்தார். பலாமரத்தடிக்குப் போய், செத்து விறைத்துக் கிடந்த தாயையும் இரண்டு குட்டிகளையும் ஒரே சாக்கில் போட்டு எடுத்துவந்தார். பலகையை நின்று வாசித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூட்டக் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

“எழுதினது சரிதான் சேர்,” என்றார். “ஆனா காட்டைப் பார்த்துத்தான் மாட்டியிருக்கணும்.”

நிபுணர் ஆலோசனையை எங்கள் சங்கம் ஒருபோதும் தட்டியதில்லை. அன்றே பலகையைத் திருப்பி மாட்டினோம். வாசிக்கத்தான் அந்தப் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை.