டீசல் வானுக்கு ஒரு புஸ்ஸ்ஸ்

ஒரு வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் அதில் கை வைக்கமாட்டான். கால்வாசி தெரிந்தவன்தான் ஆபத்து. மீள்குடியேற்றம் நடந்த அந்த வருடங்களில், மன்னார் பள்ளிமுனையில் அப்படிக் கால்வாசி தெரிந்தவர்களுக்கெல்லாம் தலைவனாக நான் இருந்தேன்.

இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது ஒரு கராஜில் நாலு மாதம் வேலை செய்தேன். (வேலை என்றால், ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் தேநீர் வாங்கி வருவதும்.) அங்கே ஒருநாள் ஒரு பெற்றோல் காருக்கு ப்ளோ-ஓஃப் வால்வு பூட்டினார்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் கார் 'புஸ்ஸ்ஸ்' என்று மூச்சு விட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

ஊர் திரும்பி, சித்தப்பாவின் டர்போ டீசல் வானுக்குச் சாரதியானேன். ஜசிந்தா அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அன்ரன் அத்தானையும் அவருடைய தாயையும் முருங்கனிலிருந்து எங்கள் கோயிலுக்கு ஏற்றிவருவது என் பொறுப்பு. பத்து மணிக்குப் பூசை. அதற்கு மூன்று நாள் முன்னர், பழைய சாமான் கடையொன்றில் அதே மாதிரி வால்வு ஒன்று கண்ணில் பட்டது. புஸ் இல்லாமல் மாப்பிள்ளை வருவதா?

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் தாய்க்கு, அதாவது மாமிக்கு, இந்தச் சம்பந்தத்தில் முழு மனதில்லை. முகாமிலிருந்து வந்த குடும்பம், எப்படிப்பட்ட ஆட்களோ என்று இரண்டு தடவை கல்யாணத்தைத் தள்ளிவைத்தவர். 'பொறுப்பில்லாத ஆக்கள்' என்று அவர் வாயில் ஒரு சொல் வந்துவிட்டால் அக்காவின் கதை முடிந்தது. அம்மா அதை எனக்குத் தினமும் மூன்று வேளை சொன்னார்.

நான் வால்வு பூட்டினேன்.

அது திறப்பதற்கு எஞ்சினிலிருந்து ஓர் உறிஞ்சல் வேண்டும். பெற்றோல் எஞ்சினில் அது தானாகவே உண்டு. டீசலில் இல்லை. (ஏன் இல்லை என்று யோசிப்பவன் மெக்கானிக். நான் யோசிக்கவில்லை.) வானில் உறிஞ்சல் இருந்த ஒரே இடம் பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய். பிரேக் மிதிப்பதை இலேசாக்க, ஒரு பம்ப் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் குழாயை வெட்டி, அப்பாவின் வள்ளத்து எஞ்சினில் கிடந்த பழைய மூன்றுமுனைப் பிளாஸ்டிக் துண்டொன்றை நடுவில் செருகினேன். காலை எடுத்ததும் வால்வுக்கு உறிஞ்சல் போக, அக்சிலேற்றரில் ஒரு சுவிட்சும் வைத்தேன்.

குழாயை இறுக்கக் கிளிப் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் எதைத்தான் கிளிப் போட்டுப் பூட்டினார்கள்? வலையிலிருந்து வேலிப் படலை வரை எல்லாம் தங்கூசிக் கட்டுத்தான். மீன்பிடிக்கிற அந்த நைலோன் நூலால், அப்பா காட்டித்தந்த முடிச்சைப் போட்டேன். கடலிலேயே அவிழாத முடிச்சு.

மிச்சம் வால்வின் தலையில் இருந்த திருகாணி. அதை இளக்கினால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, ஓடும்போதே காற்று ஒழுகும். வான் இழுக்காது. இறுக்கினால் வால்வு திறக்காது. கெட்டிக்காரன் இழுவையைப் பார்த்துத் திருகுவான். நான் சத்தத்தைப் பார்த்துத் திருகினேன். பள்ளிமுனை ஒழுங்கைகளில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்ததில் புஸ்ஸும் கேட்டது, பிரேக்கும் பிடித்தது.

கல்யாணத்தன்று மாமி பட்டுச் சேலையோடு என் பக்கத்துச் சீற்றில் ஏறினார். "மாமா முப்பது வருசம் பஸ் ஓட்டினவர். எனக்கு முன்னுக்கு இருந்துதான் பழக்கம்" என்றார். அத்தான் கோட்டுச் சூட்டோடு பின்னால் இருந்தார்.

முதல் வளைவில் புஸ்ஸ்ஸ்.

"தம்பி, ரயருக்குக் காத்துப் போகுது."

"இல்லை மாமி, இது ப்ளோ-ஓஃப் வால்வு. டர்போ காத்தை அமத்தி எஞ்சினுக்குள்ள அனுப்புது. நான் காலை எடுக்க, எஞ்சின் வாசலில இருக்கிற தகடு மூடிப்போகும். வந்த காத்துக்குப் போக இடமில்லை. பூசை முடிஞ்சு சனம் வெளிய வரேக்க கோயில் கதவைச் சாத்தின மாதிரி. திரும்பிப் போய் டர்போவில மோதும். இந்த வால்வு பக்கத்துக் கதவைத் திறந்து விடும். இல்லாட்டி டர்போ பழுதாப் போயிடும்."

"அப்ப இவ்வளவு நாளும் இது இல்லாமலே ஓடினது?"

"அதுதான் மாமி ஆபத்து!"

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எல்லாம் பெற்றோல் காருக்கு.

வெயில் ஏறியது. எஞ்சின் கொதித்தது. மன்னார் தீவுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் இராணுவச் சோதனைச் சாவடி. வீதிக்குக் குறுக்கே பீப்பாய்கள், மணல் மூட்டைகள், துவக்கோடு ஒரு சிப்பாய். மணி ஒன்பதே முக்கால். கடைசியாக ஒரு பெரிய புஸ் கேட்கட்டும் என்று அக்சிலேற்றரை ஓங்கி மிதித்துக் காலை எடுத்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள். இருபத்திரண்டு வயது.)

புஸ்ஸ்ஸ்! அதோடு பொனற்றுக்குள் 'டப்' என்று ஏதோ கழன்றது. சிப்பாய் மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார். துவக்கு எங்களை நோக்கி நீண்டது. பிரேக்கை மிதித்தேன். கருங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு காலாலும் எழும்பி நின்று மிதித்தேன். வான் கொஞ்சம்தான் அடங்கியது. பீப்பாய்கள் வந்துகொண்டேயிருந்தன. சிங்களத்தில் யாரோ கத்தினார்கள். எனக்கு மாதாவே என்றுகூட வாயில் வரவில்லை.

"ஹாண்ட் பிரேக்கடா!" என்று மாமி கத்தினார். நான் திரும்புவதற்குள், பட்டுச் சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் அவரே பிடித்து இழுத்தார். வான் அலறிக்கொண்டு, முதல் பீப்பாய்க்கு ஒரு சாண் இருக்க நின்றது.

மூவரும் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அத்தானின் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்துப் போயிருந்தது. இராணுவ முகாம் மெக்கானிக் ஒருவர் வந்து பொனற்றைத் திறந்து, என் கைவண்ணத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மல்லி, மே டீசல் நேத?" என்றார். தம்பி, இது டீசல்தானே?

"ஓம்."

பிறகு தெரிந்த தமிழில் சொன்னார்: "டீசல், மூடுற தகடு இல்லை. காத்து மோதாது. வால்வு வேணாம். எதுக்கு இது?"

மாமி என்னைப் பார்த்தார். அத்தான் பார்த்தார். துவக்குச் சிப்பாயும் பார்த்தார்.

"சத்தத்துக்கு" என்றேன்.

"சத்தத்துக்கு?"

"ஓம், சத்தத்துக்கு."

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, என் மூன்றுமுனையைப் பிடுங்கி, ஒரு பித்தளைத் துண்டை வைத்துக் கிளிப்பால் குழாயைப் பொருத்தினார். முடிச்சு அவிழவில்லை. எஞ்சின் சூட்டில் தங்கூசி இளகி, குழாய்தான் முடிச்சைவிட்டுக் கழன்றிருந்தது. அப்பாவின் முடிச்சுக்கு நான் உண்டாக்கிய ஒரே அவமானம் அது.

மாமி என் பக்கம் திரும்பினார். அந்தச் சொல் இப்போது வரும், அக்கா சேலையும் பூவுமாகத் திரும்பி வீட்டுக்குப் போவாள் என்று நினைத்து நான் அழுதேவிட்டேன்.

"பொறுப்பில்லாத ஆள் நீ" என்றார் மாமி. "உன்ர அக்கா இல்லை. அந்தப் பிள்ளை அங்க பார்த்துக்கொண்டு நிக்கும். மூக்கைத் துடைச்சுப்போட்டு ஏறு."

பத்தேகாலுக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கழற்ற நேரமில்லாமல் விட்ட வால்வு ஒழுகி, வான் இழுக்காமல், கரும்புகை கக்கியபடி. ஃபாதர் இருமிக்கொண்டே பூசையைத் தொடங்கினார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் தேவையில்லாத ஆடம்பரம் செய்தாலும் ஒரே கேள்விதான்: "எதுக்கு? சத்தத்துக்கோ?" என் கல்யாண அழைப்பிதழில் தங்க எழுத்து வேண்டுமென்று நான் கேட்டபோது, அந்தக் கேள்வியைக் கேட்டவர் என் வருங்கால மாமனார்.

மாமி அதற்குப் பிறகு என் வண்டியில் எங்கே போனாலும் முன்சீற்றில் இருந்து, வலது கையை ஹாண்ட் பிரேக்கிலேயே வைத்திருப்பார். போன மாதம் என் புதுக் காரில் மடுக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஏறியவுடன் கையால் தடவித் தேடினார்.

"இழுக்கிற தடி எங்க?"

"இதில தடி இல்லை மாமி. இந்தப் பொத்தான்தான்."

மாமி அதை நம்பாமல் பார்த்தார். பிறகு செபமாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மடு போய்ச் சேரும்வரை வலது கை விரலைப் பொத்தானின் மேலேயே வைத்திருந்தார்.