ஜீப்பை மறித்த நிருபர்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவி பாப்பாத்தி விஷயத்தில் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருவனைப் பார்த்துத்தான். அவன் ஜப்பான்காரன். அதுவும் கறுப்பு வெள்ளையில் இருந்தான்.

இரண்டாயிரமாவது வருஷம் வாக்கில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பாய் ஒருவர் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து ஒரு ஞாயிறு மத்தியானம் மலைமேல் எங்கள் ஊரில் படம் போட்டார். நாங்கள் கேட்டது சண்டைப் படம். வந்தது பழைய ஜப்பான் படம். ஒரு பத்திரிகை நிருபர், துறைமுகத்தையே ஆட்டிவைக்கும் ரவுடிக் கும்பலைத் துப்பறிகிறான். தப்புச் செய்த ரவுடிகள் தலைவன் முன்னால் தங்கள் சுண்டு விரலை வெட்டி வைக்கிறார்கள். நிருபர் கறுப்புக் கண்ணாடியோடு தலைவனின் காரை நடுரோட்டில் மறித்து ஏதோ கேட்கிறான். தலைவன் முகம் வெளிறிப்போகிறது. (“எங்க போறீங்கன்னு கேக்கறான்” என்று பாய் குத்துமதிப்பாகச் சொன்னார்.)

“கேள்வின்னா இப்படிக் கேக்கோணும்” என்றாள் பாப்பாத்தி, அத்தனை பேர் முன்னால். “எங்க ஊட்டுக்காரரு பஸ் எப்ப வரும்னு கண்டக்டரக்கூடக் கேக்க மாட்டாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிந்தது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என் பேரைக் கேட்டதற்கே பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அவளோ அடுப்பு ஊதும்போதும் அந்த நிருபரைப் பற்றியே பேசினாள். மூன்றாம் நாள் நானும் பெட்டிக்கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன்.

அந்த வாரமே என் கொழுந்தியாளைப் பெண் பார்க்க, மலையிலேயே இன்னொரு பகுதியான திண்ணனூர் நாட்டிலிருந்து வருவதாக ஏற்பாடு. மாமனார் வீட்டுக்கு ரோடு இல்லாததால் எங்கள் வீட்டில்தான் எல்லாம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பாப்பாத்திக்குச் சோறு இறங்கவில்லை.

“வெள்ளை வேட்டி கட்டிட்டு அஞ்சு பேரு பஸ்ஸுல வருவாங்க. நீங்க ஒன்னும் பேச வேண்டாம், கூட்டிட்டு மட்டும் வாங்க” என்று என்னை ரோட்டுக்கு அனுப்பினாள்.

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஜீப் வந்தது. உள்ளே வெள்ளை வேட்டியில் ஐந்து பேர். பேச்சில்லை, சிரிப்பில்லை. (எனக்குச் சொல்லப்பட்டது பஸ். ஜீப்பில் வருகிறவர்கள் எனக்கு யார்?) முன்சீட்டுப் பெரியவரின் கை வெளியே தொங்கியது. அதில் சுண்டு விரல் இல்லை.

எனக்குள் ஜப்பான் புகுந்துகொண்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றேன்.

“எங்க போறீங்க? எதுக்குப் போறீங்க?”

பெரியவர் முகம் படத்தில் போலவே வெளிறியது. நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்களை அப்படிக் கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பது மலையில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் நான் அப்போது மலையில் இல்லை, துறைமுகத்தில் இருந்தேன்.

“வண்டியத் திருப்பு சாமி” என்றார் டிரைவரிடம்.

வீட்டில் கேசரி மணத்தது. கொழுந்தியாள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கும்பலையே ஒற்றை ஆளாகத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

பாப்பாத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, அதுல ஒருத்தருக்குச் சுண்டு விரல் இல்லீங்களா?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

“மரவள்ளிக் கெழங்கு அரைக்கற மெஷின்ல போன விரலுங்க அது. அவருதான் மாப்பிள்ளையோட அப்பா.”

கொழுந்தியாள் அழவில்லை. என் கண்ணாடியைப் பார்த்தாள். அழுதிருந்தால் தேவலை.

மறுநாள் என்னைத் தனியாகத் திண்ணனூர் நாட்டுக்கு அனுப்பினாள் பாப்பாத்தி. போகிற இடமெல்லாம் வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. பெரியவர் முன்னால் நின்று, ஜப்பான்காரன் மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“இன்னொரு நல்ல நாள் பாருங்க, வாரோம். அன்னைக்கு நீங்க மட்டும் ரோட்டுப் பக்கம் வந்துறாதீங்க.”

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும், “அவர உள்ள வெச்சுப் பூட்டியாச்சா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போன மாதம் என் மகனுக்கே பெண் பார்க்கக் கிளம்பினார்கள். பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். நானே எழுந்து உள்ளே போனேன். அவள் வெளியே தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது.