உன் அண்ணி பி.எட். படித்த கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை என்பதால், நலம். அங்கேயும் நலமாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் ஒரே ஒரு கேள்வியை நான்கு பக்கத்துக்கு இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டாய். உன் மனைவி பார்க்கிற வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர ஆசைப்படுகிறாள், ஆகிற செலவுக்கும் பிறகு வரப்போகிற சம்பளத்துக்கும் கட்டுப்படியாகுமா, அண்ணியைப் படிக்க வைத்த அனுபவத்தில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். “படிக்க வைத்த” என்று நீ எழுதியது அவள் கண்ணில் படாமல் இருந்தால் சரி. ஃபீஸ் மொத்தமும் அவள் சேமிப்பு. நான் வைத்தது ஒரு ஸ்டூலை மட்டும்தான், அதுவும் அவள் சொன்ன இடத்தில்.

உனக்கே தெரியும், பி.எஸ்சி. முடித்துவிட்டுத் துணிக்கடையில் பில் போடும் கவுண்டரில் பதினோரு வருடம் இருந்தாள். முதலாளிக்கு அவள் பெயரே ‘ரெண்டாம் கவுண்டர்’தான். சம்பளம் ஒன்றாம் தேதி வரும், வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏறும், வீட்டுக்கு வந்தால் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். நானும் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது, “நான் பி.எட். சேரப் போறேன்”னு சொன்னாள். “எதுக்கு?” “பாடம் நடத்தறதுக்கு.” “இந்த வயசுல யாருக்கு நடத்தப் போற?” என்று கேட்டுச் சிரித்தேன். தம்பி, அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. முதல் மாணவன் நான்தான்.

நாள் முழுக்க லிப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வருகிறேன். லிப்ட் ஓடவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வருகிறவன் பத்து மாடியும் படியேறித்தான் வர வேண்டும் என்பது உலகத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. கால் கெஞ்சும். வந்ததும் முகம் கழுவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார வேண்டும். எதிரே உன் அண்ணி, அவளுக்குப் பின்னால் பீரோ கதவில் சார்ட். பாடத் திட்டம் என்று ஒரு நோட்டு. இடது பக்கம் ஆசிரியர் என்ன செய்வார், வலது பக்கம் மாணவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். வலது பக்கத்தில் எல்லா இடத்திலும் “மாணவர் ஆர்வத்துடன் கவனிப்பர்” என்று இருக்கும். அந்த ஆர்வத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது? ஒளிச்சேர்க்கை நடத்தும்போது தூங்கிவிட்டேன். கண் விழித்துப் பார்த்தால், ஆர்வத்துடன் என்பதை அடித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை காட்டவில்லை.

இதயத்துக்கு மாடல் செய்ய வேண்டுமாம். மற்றவர்கள் தெர்மோகோலில் வெட்டி ஒட்டினார்கள். எனக்குத் தொழில் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பழைய பம்ப், இரண்டு டியூப், நாலு வால்வு வைத்து, துடிக்கிற இதயமே செய்து கொடுத்தேன். சிவப்பு மை கலந்த தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும். வீட்டில் அருமையாகத் துடித்தது. பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்தில், மதிப்பெண் போட வந்திருந்த பேராசிரியர் முன் வரிசையில் உட்கார்ந்து குனிந்து பார்த்த நேரத்தில் ஒரு டியூப் கழன்றுகொண்டது. மனிதர் வெள்ளைச் சட்டை. வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியதாம். உன் அண்ணி, “பாத்தீங்களா, ரத்தக் குழாய் அறுந்தா இவ்வளவு வேகமாத்தான் ரத்தம் போகும், உடனே என்ன பண்ணணும்?” என்று கேட்டு முதலுதவிப் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். சட்டை போனதற்குக் குறைத்த மார்க்கை அந்த முதலுதவிக்குக் கூட்டிப் போட்டாராம். சட்டைக்கான காசை மட்டும் நான் கொடுத்தேன். செலவுப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்.

இரண்டு வருடம் முடிந்து பட்டம் வந்தது. இனி வேலை வீடு தேடி வரும் என்று இருந்தோம். முதல் பள்ளிக்கூடத்தில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனவள் மாலை நாலு மணிக்கு வந்தாள். ஆறு வகுப்பு எடுக்க வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே ஒரு டீச்சர் லீவாம். இரண்டாவது பள்ளிக்கூடத்திலும் இதே கதை. மூன்றாவது இடத்தில் வகுப்பு முடிந்த கையோடு ஒரு கட்டு விடைத்தாளைக் கொடுத்து, “இதையும் திருத்திக் காட்டுங்க, பார்ப்போம்”னு சொன்னார்களாம். திருத்திக் கொடுத்துவிட்டு வந்தாள். பதிலே இல்லை. நாலாவது இடத்தில் கிடைத்தது. சம்பளத்தைக் கேட்டேன். சொன்னாள். மாதத்துக்கா, வாரத்துக்கா என்று கேட்டேன். அன்று இரவு தட்டில் சோற்றை நானே போட்டுக்கொண்டேன். துணிக்கடையில் கடைசியாக வாங்கியதில் முக்கால்வாசிதான். அதிலும் சார்ட், கலர் பென்சில், அட்டை எல்லாம் அவள் கைக்காசு. சம்பளமில்லாமல் போன இரண்டு வருடம், ஃபீஸ், புத்தகம், பேராசிரியர் சட்டை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். வருடா வருடம் அவர்கள் ஏற்றித் தந்தால், உன் அண்ணி போட்டதை எடுக்க ஒன்பது வருடம் ஆகும். அதற்குள் எனக்கே ஓய்வு வந்துவிடும்.

போன மாதம் லிப்ட் பார்க்கப் போன ஒரு கட்டடத்தில் துணிக்கடை மேனேஜரைப் பார்த்தேன். “ரெண்டாம் கவுண்டர் காலியாத்தான் இருக்கு, சம்பளம் கூட்டித் தர்றோம், வரச் சொல்லுங்க”ன்னார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று மதியமே நேராக அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றேன். கப்பி பற்றிய பாடம். “லிப்ட் எப்படி மேல போகுது தெரியுமா? இந்தப் பக்கம் கூண்டு, அந்தப் பக்கம் அதே அளவு எடை”ன்னு சொல்கிறாள். தம்பி, இருபத்தாறு வருடம் லிப்டோடு மல்லுக்கட்டியவன், எப்படிப் பொறுப்பேன்? “அதே அளவு இல்ல, ஏறுற ஆளுங்க எடையில பாதியையும் சேத்துக்கணும்!” என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டேன். நாற்பது தலைகள் திரும்பின. அவள் கோபப்படவே இல்லை. “உள்ள வாங்க சார், வந்து விளக்குங்க”ன்னு சாக்பீஸை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு கரும்பலகை முன் நின்றேன். தெரியாமல் இல்லை, எல்லாம் தெரியும், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மோட்டார், பிரேக், கயிற்றுக் கனம் என்று எதையெதையோ உளறினேன். பின் பெஞ்சில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். உன் அண்ணி மெதுவாக, “சார், லிப்ட்ல யாருமே இல்லன்னா அது மேல போகப் பாக்குமா, கீழ போகப் பாக்குமா?” என்று கேட்டாள். “மேல”ன்னேன். “ஏன்?” என்று நாற்பது பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அதற்கப்புறம் நான் பாட்டுக்குப் பேசினேன், மணி அடித்தது கூடத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிவதற்குத்தான் இரண்டு வருடமா என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மேனேஜர் சொன்னதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

ஒரு வாரம் பொறுத்து மனசு கேட்காமல் சொன்னேன். “தெரியும், மேனேஜர் எனக்குத்தான் முதல்ல போன் பண்ணார்”னாள். “அப்புறம் ஏன் சொல்லல?” “நீங்க எப்ப சொல்றீங்கன்னு பாத்துட்டிருந்தேன்.” போகலாமே, நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிற கால் வலியாவது உனக்கு மிச்சம் என்றேன். சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள். பிறகு, “அங்க பதினோரு வருஷம் இருந்தேன். நாளைக்கு என்ன பண்ணலாம்னு ஒரு நாள் கூட நான் யோசிச்சதில்லங்க”ன்னு சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். பாதியை என் பக்கம் தள்ளினாள். கூட்டிப் போடுவது என் வேலை.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: கணக்கில் நஷ்டம். அதில் சந்தேகமே இல்லை. என் மாதிரி களைத்துப்போகாமல் நீயாவது இருக்க வேண்டும் என்றால், பக்குவமாக எடுத்துச் சொல்லி உன் மனைவியை இருக்கிற வேலையிலேயே இருக்கச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணன்

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உன் அண்ணி வந்து, “யாருக்கு?” என்றாள். சொன்னேன். சிரிக்கிறாள். உன் மனைவி போன மாதமே ஃபீஸ் கட்டிவிட்டாளாம், விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே இவள்தானாம். உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். அவள் சொல்லும்போது இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள். தயவுசெய்து சிரித்துவிடாதே.