உத்தரவு அக்காவோடு போன ஊர்கள்

ராஜாக்கள் கட்டிப்போட்ட அரண்மனைகளுக்குள் தினமும் எத்தனையோ பேர் நுழைகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், தூணில் பேரைக் கிறுக்குகிறார்கள். ஆனால் வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டு, பதில் வருகிறவரை காத்திருந்த ஒரே ஆள் இந்தியாவிலேயே எங்கள் உத்தரவு அக்காதான்.

அக்கா சின்னக்கானலில் தேயிலை பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நான் அதே ஊரில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அறைச்சாவியைக் கொடுப்பவள். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் லயத்து வரிசைவீட்டுக்காரர்கள் சேர்ந்து அருளின் வேனை எடுத்துக்கொண்டு ஏதாவது ஊர் பார்க்கப் போவோம். அக்காவின் பக்கத்து இருக்கை எப்போதும் எனக்குத்தான். போட்டிக்கு யாரும் வரவில்லை.

காரணம் உண்டு. கேட்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் நாங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்போம். கேட்ட பிறகு தலையை ஒருபக்கம் சாய்த்து, சிக்னல் சரியில்லாத இடத்தில் போன் பேசுகிறவர் மாதிரி உன்னிப்பாகக் கேட்பார். சில நேரம் புன்னகை செய்வார். சில நேரம் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரு அஞ்சு நிமிசந்தான், பாத்துட்டு வந்துருவோம்" என்று கெஞ்சுவார். எதிரே இருப்பது வெறும் சுவராக இருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல நாலடி தள்ளிப் போய்விடுவோம்.

உள்ளூரிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் நின்று கேட்பார். பங்குச்சாமியார், "இது உங்க கோயில்தானம்மா, வாங்க" என்றால், "நீங்க சொல்லிட்டீக சாமி. அவுக சொல்லட்டும்" என்பார்.

மதுரைக்குப் போனபோது அந்தப் பெரிய மகாலின் வாசலில் நின்று அக்கா கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். மண்டபம் முழுக்கப் புறாக்கள் படபடத்தன. உள்ளேயிருந்து அவர் குரலே திரும்பி வந்தது. "வரலாமா... லாமா... மா..."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தா, அவுக நம்மகிட்டல்ல கேக்குறாக? வேணாம்னு சொன்னா மரியாதையா?" என்றவர், உள்ளே பார்த்து, "வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வேனில் ஏறியதும் சிரிப்பு நின்றது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி" என்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். ஓட்டுநர் அருளுக்கு வாய் சும்மா இருக்காது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "யக்கா, அவுக எங்க எறங்கணுமாம்?" என்றான்.

"கேட்டேன். தேயிலைன்னா என்னன்னு பாத்ததே இல்லையாம். நம்மகூட வாராகளாம்."

அதற்கு அப்புறம் போடி வரை அருள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. நான் ஒரு வாரம் தேயிலைக்காட்டுக் குறுக்குப்பாதையை விட்டுவிட்டு, ஜீப் ஏறி வேலைக்குப் போனேன்.

பெங்களூரில் அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சாலையைக் கடக்கவே அரைமணி நேரம் ஆகிற ஊர், யார் காதிலும் யார் சொல்வதும் விழாத ஊர். ஒரு பெரிய வணிக வளாகத்தின் கண்ணாடிக் கதவு முன்னால் நின்று, வழக்கம்போல "உள்ள வரலாமா?" என்றார். கதவு தானாகத் திறந்தது. அக்கா பூரித்துப்போனார். "பாத்தியா? மருவாதி தெரிஞ்ச ஊரு!"

மைசூரில்தான் அவர் முதல்தடவையாக உள்ளே வர மறுத்தார். அரண்மனை வாசல் வரை வந்தவர், கேட்டார், காத்திருந்தார், முகம் வாடித் திரும்பினார்.

"இன்னிக்கு வேணாங்குறாக. பின்கட்டுல யாரோ அழுதுக்கிட்டு இருக்காக. அழுற வீட்டுல போயா வேடிக்கை பாக்குறது?" என்று வெளியே உட்கார்ந்து கடலை கொறிக்க ஆரம்பித்தார்.

நாங்கள் உள்ளே போனோம். சரவிளக்கு, வண்ணக் கண்ணாடி, ஜனக்கூட்டம். எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. காது மட்டும் அழுகையைத் தேடிக்கொண்டே இருந்தது. தேடினால் கேட்காமல் போகுமா? கேட்டது. மெல்லிசாக, இழுத்து இழுத்து. பயந்துபோய்ப் பார்த்தால், வெளிமுற்றத்தில் ஒரு குழந்தை ஐஸ்கிரீமுக்காக அழுதுகொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஐஸ்கிரீம் கைக்கு வந்ததும் குழந்தை நிறுத்திவிட்டது. அழுகைதான் இன்னும் கொஞ்சநேரம் கழித்து நின்றது.

திரும்பும் வழியில் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "எதுக்குக்கா இப்படிப் பண்றீங்க?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நம்ம லயத்து வீட்டுக்குள்ள வாச்சரு, சூப்பர்வைசரு, ஓட்டுக் கேக்க வாரவன், அத்தன பேரும் கேட்டுக்கிட்டா நொழஞ்சான்? நான் குளிச்சு ஈரத்தலையோட நிக்கையில வந்து நின்னுருக்கான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல. செத்துப்போனாகன்னா அவுகளுக்கு வீடு இல்லைன்னு ஆயிருமா?"



போன வருஷம் தஞ்சாவூர். சாயங்காலம் கிளம்பி, மலையிறங்கி, காலையில் போய்ச் சேர்ந்தோம். கடைத்தெருவில் ஒரு பழைய லாட்ஜ். கீழே பேருந்துகளின் ஹாரன், காய்கறி ஏலம், பூக்காரர்களின் கூச்சல். மேல்மாடிக் கடைசி அறையை எனக்கும் அக்காவுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். மேனேஜர் சாவியோடு முன்னால் போனார். அக்கா அவரை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டினார்.

"உள்ள வரலாமா?"

"காலி ரூம்மா அது" என்றார் மேனேஜர்.

அக்கா தலையைச் சாய்த்தார். நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு சொன்னார். "ஆளு இருக்கு."

மேனேஜர் சிரித்தபடி சாவியைத் திருகினார். பூட்டு திறந்தது, கதவு அசையவில்லை. தோளால் முட்டினார். "மழைக்கு மரம் ஊதிப்போச்சு. வாங்க, வேற ரூம் தர்றேன்."

எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. வெட்கம் வேறு. "வாங்கக்கா, போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் பதில் சொல்லல தாயி. சொல்ல வாராக. முடியல அவுகளால."

அந்தக் காலை வெயிலில், அவ்வளவு சத்தத்துக்கு நடுவில், இழுத்த கையை நான் விட்டுவிட்டேன். மேனேஜரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"அந்த சன்னலச் சாத்துங்க" என்றார் அக்கா. எங்கள் பைகளைத் தூக்கிவந்த அருள் நடைவழிச் சன்னலைச் சாத்தினான். தெருச்சத்தம் அமுங்கியது. அக்கா மறுபடி கதவைத் தட்டி, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார். "உள்ள வரலாமா?"

உள்ளேயிருந்து தட்டும் ஒலி வந்தது. கதவின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, ஒரே ஒரு தட்டு.

மேனேஜர் இரண்டு படி கீழே ஓடிவிட்டார். நான் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அருளுக்கு மட்டும் எங்கிருந்து தைரியம் வந்ததோ, மூன்று உதையில் உள்தாழ்ப்பாள் பிய்ந்தது.

கதவோரச் சுவரை ஒட்டி ஒரு பெரியவர் கிடந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தவழ்ந்து அதுவரை வந்திருக்கிறார். உதடு வெடித்து, நாக்கு உலர்ந்து, கண் மட்டும் எங்களைப் பார்த்தது. அரியலூர்ப் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவர், ஒரு கல்யாணத்துக்கு வந்தவர். அவர் காலிசெய்துவிட்டுப் போய்விட்டதாக முந்தின ஷிஃப்டில் லாட்ஜைப் பார்த்துக்கொண்டவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அக்கா தன் பாட்டிலிலிருந்து விரலை நனைத்து நனைத்து அவர் உதட்டில் வைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். "வந்துட்டோம்ல. இனி என்ன?"

தஞ்சாவூரில் அன்றைக்கு நாங்கள் சுற்றிப்பார்த்தது ஒரு மருத்துவமனையின் எலும்புப் பிரிவைத்தான். சாயங்காலம் அவர் மகள் ஓடிவந்தாள். பெரியவருக்கு நல்ல நினைவு திரும்பியிருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து ராத்திரி பூரா கூப்ட்டுக்கிட்டே இருந்தீங்களேம்மா. உள்ள வரலாமா, உள்ள வரலாமான்னு. அந்தக் குரல் இல்லன்னா நான் தூங்கியிருப்பேன். தூங்கியிருந்தா அவ்வளவுதான்."

நான் அருளைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். முந்தின ராத்திரி அக்கா எங்கள் வேனில், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் குமட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா பதறவில்லை. "அது நான் இல்லைங்க" என்றார். "எனக்கு முந்தி யாரோ கேட்டுக்கிட்டு நின்னுருக்காக. புண்ணியவதி." பிறகு ஆள் நடமாட்டமில்லாத நடைவழிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அருளும் கும்பிட்டான். எந்தத் திசையில் என்று தெரியாமல் நானும் கும்பிட்டுவைத்தேன்.

மறுநாள் ஊர் திரும்பினோம். மெட்டு ஏற ஏற மூடுபனி கண்ணாடியை மறைத்தது. அருள் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். மூன்று நாள் அலைச்சலில் அக்கா அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தலைக்கு என்ன கனம்! கொஞ்ச தூரத்தில் என் கை மரத்துவிட்டது. எழுப்பி நகரச் சொல்லலாம்தான். ஒவ்வொரு வளைவிலும் அவர் சரியாமல் இருக்க மற்ற கையால் அணைத்துக்கொண்டு, சின்னக்கானல் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.