கர்னலை 'அது' என்றதால் வந்த வினை

மர்பி டவுன், பெங்களூர்
ஜூலை 2002

அன்புள்ள சாந்தகுமாரி அக்காவுக்கு, தம்பி உத்தமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. குடியாத்தத்தில் ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம் பிடித்து, நாதஸ்வரத்துக்கும் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். பத்திரிகையை மட்டும் இப்போதைக்கு அச்சுக்குக் கொடுக்காதே. உன் மகன் கவியரசனும் என் மகள் இளவேனிலும் பேசிக்கொள்வதில்லை. காரணம் நகையில்லை, சீரில்லை, ஆபரேட்டிங் சிஸ்டம்.

ஆபீஸ் போன நேரம் போக, இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்காரர் கர்னல் பெள்ளியப்பாவின் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் தீருவதற்கு முன்னால் நர்ஸைக் கூப்பிட்டு மணியடிக்கிற பெட்டி. நல்ல காரியம்தானே என்று ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். கதவுக்கு வெளியே நிற்கும்போதே இளவேனிலின் சத்தம். "மாமா, இந்தக் கர்னல் ரொம்பப் பெருசு. எழுந்திருக்கவே அவ்ளோ நேரம் ஆவுது. மெமரியும் பத்தல. அவசரத்துக்குக் கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்காது!" ராணுவத்தில் இருந்த பெரிய மனுஷனை, ஷெட்டைச் சும்மா கொடுத்தவரை, 'அது' என்கிறாளே! உன் மகனாவது கண்டிப்பான் என்று பார்த்தால் அவன் சொல்கிறான்: "ஃப்ரீயா கிடைக்குது இல்ல? பிரிச்சுப் பாத்து, வேண்டாததையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டா சின்னதாயிடும்."

காப்பியை அங்கேயே வைத்துவிட்டு நேராகக் கர்னல் வீட்டுக்கு ஓடினேன். "சின்னப் பசங்க சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். எதை என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. உடம்பு பெரிசு, ஞாபகம் கம்மி, வெட்டப் போகிறார்கள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனுஷன் கைத்தடியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்து, "யாரப்பா அது, நன்ன கட் மாடோரு?" என்று, தன்னை வெட்டப் போவது யாரென்று கன்னடத்தில் ஒரு அதட்டல் போட்டார். கவியரசன் ஸ்டூலிலிருந்து விழுந்தான்.

அப்புறம்தான் விளக்கினார்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு எல்லா வேலையையும் பிரித்துக் கொடுக்கிற பாகத்துக்கும் கர்னல் என்றுதான் பேராம். ஸ்பெல்லிங் வேறாம். காதில் விழுவது ஸ்பெல்லிங்கோடவா விழுகிறது? உன் மகன் இலவசமாகக் கிடைக்கிற பெரிய சிஸ்டத்தைப் போடலாம் என்கிறான். இவள், சின்னதாக, நேரம் தவறாததாக, விலைக்கு வாங்கலாம் என்கிறாள். இதோடு சிரித்துவிட்டுக் கலைந்திருக்கலாம். பெள்ளியப்பா விடவில்லை. "ஃப்ரீயா யார் வேணா எடுத்துட்டுப் போற கர்னல், ஒரு கர்னலா?" என்று சொல்லி இளவேனில் பக்கம் சேர்ந்துவிட்டார். கவியரசனுக்கு முகம் சுண்டிப்போச்சு. "வீட்டுக்காரரையும் அவ கட்சியில சேத்துட்டீங்களே மாமா" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுகோடியில் இருக்கிற தன் ரூமுக்குப் போனவன்தான், இந்தப் பக்கமே வரவில்லை. இவள் நிச்சய மோதிரத்தைக் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். "ஒரு பெட்டி விஷயத்துலயே என் பேச்சைக் காதுல வாங்காதவரு, நாளைக்குக் குடும்பம்னா வாங்குவாராப்பா?" என்கிறாள்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. தாயில்லாத பெண். உன் வீட்டைத் தவிர வேறு இடத்தில் கொடுக்க எனக்கு மனசில்லை. நீ உடனே கிளம்பி வந்து இரண்டு பேரையும் எப்படியாவது ஒத்துப்போக வை.

அத்தானுக்கு என் வணக்கம். இளவேனில் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். அவள் கும்பிட்டதாகவே வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் பண்ணிவிடு.

உன் தம்பி,
உத்தமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். மோதிரம் விரலுக்குப் போய்விட்டது. மணியடிக்கிற ஒரே வேலைக்கு ஆபரேட்டிங் சிஸ்டமே வேண்டாமாம், சின்னதாக ஒரு ப்ரோக்ராம் போதுமாம். பெருமாளே என்று மூச்சு விட்டேன். உடனே உன் மகன், "அதே மாதிரிதான் மாமா, தாலி கட்டுற ஒரே வேலைக்கு மண்டபம் எதுக்கு, மேளம் எதுக்கு, ஆயிரம் பேரு எதுக்கு? கோயில்ல ரெண்டு மாலை போதும்" என்கிறான். இவளும் ஆமாம் என்கிறாள். கர்னல் அதற்குள் கோயில் கல்யாணத்துக்கென்று சட்டையை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டார். அக்கா, இப்போ ரெண்டு பேரும் நல்லா ஒத்துப்போயிட்டாங்க. சீக்கிரம் வா!