யவனப் பாக்குவெட்டி

துருப்பிடித்த இரும்பைக் கண்டால் எனக்குக் கண் சொருகிவிடும். கொல்லையில் ஒரு பழைய கொக்கி கிடந்தால் போதும், சோழர் கப்பலே வந்து நின்றுவிடும். (மேல்மாடி அப்போது காலி. இப்போதும் யாரும் குடிவரவில்லை.)

மஞ்சுளாவை எனக்கு நிச்சயம் செய்திருந்த சமயம். அவள் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பரிசு தேடி அலைந்தபோது, சீர்காழியில் ஒரு பழைய இரும்புக் கடையில் அது கிடந்தது. முழங்கை நீளத்துக்கு இரண்டு பிடி, நுனியில் கிளிமூக்கு போல வளைந்த தாடை, தேய்ந்துபோன சில எழுத்துகள். கடைக்காரருக்கே அது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது: பூம்புகாரில் வந்திறங்கிய யவன வணிகனின் பாக்குவெட்டி! மாமனாரோ நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர்.

புளி போட்டுத் தேய்த்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே இளநாற்று அலையடித்தது. அதன்மேல் பாய்மரங்கள் மெல்ல மிதந்து வந்தன. ஒரு யவனன் எனக்குப் பாக்கு நீட்டினான். வாங்கக் கை நீட்டினேன். (கண்டக்டர் அதில் டிக்கெட்டைக் கிழித்து வைத்தார்.)

மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக இருந்த மாமனாரிடம் அதைக் கொடுத்து, சரித்திரத்தையும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்ளோ பழசா! உங்க கையாலயே வெட்டிக் குடுங்க மாப்ள."

தாடையில் பாக்கை வைத்து அழுத்தினேன். வெட்டுப்படவில்லை, நசுங்கியது. பரவாயில்லை என்று வாயில் போட்டுக்கொண்டார். உறவுக்காரர்களும் ஆளுக்கொரு பாக்கு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் மஞ்சுளாவின் சித்தப்பா வந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, பாக்கைத் துப்புங்க."

"ஏம்ப்பா?"

"இது மாட்டுக்குக் காயடிக்கிற கிடுக்கிண்ணே."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். நிச்சயம் முறிந்தது என்றே நினைத்து வாசலைப் பார்த்தேன். மஞ்சுளா தூணைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் ஓடாமல் நின்றேன்.

கல்யாணம் நடந்தது. எந்த டாக்டர் சொல்லியும் கேட்காத மாமனார் அன்றிலிருந்து பாக்கைத் தொடவேயில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், "எங்க மாப்ளதான் இவருக்கு வெத்தலப் பாக்கை மறக்கடிச்சாரு" என்று ஆரம்பித்துவிடுவார்.

"அப்படியா! எப்படிங்க?" என்று அவர்கள் கேட்பதற்குள் நான் வயல் பக்கம் கிளம்பிவிடுவேன்.